பழைய சர்வரும் ஒரு டப்பா சந்தனமும்

புதிய சாமான்கள் மீது எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. போன தீபாவளிக்குக்கூட அம்மாவுக்கு ஒரு ரைஸ் குக்கர் வாங்கிக் கொடுத்தேன். சோறு பதமாக வெந்ததும் அது தானாகவே அணைந்துகொள்கிறது. அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டேன் என்றே சொல்லவேண்டும். ஆகவே, இந்தச் சுந்தரலிங்கம் பழமையில் ஊறிப்போன ஆள், புதுசைக் கண்டால் அவனுக்கு ஆகாது என்ற எண்ணத்தோடு இந்த வாக்குமூலத்தைப் படிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐயா, நீங்கள் காப்புறுதிக் கம்பனியிலிருந்து மாத்தளைக்கு வந்து, செத்துப்போன புது சர்வரின் மூடியைக் கழற்றி, குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இருந்து என்னங்க கோயில் வாசம் வருது?" என்று கேட்டீர்கள். அறையில் இருந்த மற்றவர்களுக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்ல விருப்பமுள்ளவர்கள் எழுத்தில் தரலாம் என்றீர்கள். எனக்கும் எழுதுவதுதான் வசதி. நேரில் பேசினால் எங்கள் கணக்குப் பகுதி மங்களேஸ்வரியின் பெயர் வரும் இடங்களில் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும்.

எங்கள் கம்பனி மிளகு, கிராம்பு, சாதிக்காய் எல்லாம் வாங்கி ஏற்றுமதி செய்கிறது. முதலாளி அப்துல் ஸமத் ஹாஜியார். நல்ல மனிதர். பலாபத்வலயிலும் வஹகோட்டையிலும் வில்கமுவவிலும் எங்களுக்குக் கொள்முதல் நிலையங்கள் இருக்கின்றன. மாதம் முழுக்க அங்கே எடைபோட்டு வாங்கிய சரக்கின் கணக்கு கடைசி நாளன்று எங்கள் சர்வரில் ஓடும். ஓடி முடிந்தால்தான் விவசாயிகளுக்குக் காசு. அந்த சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தனியறை, ஏசி, கதவில் பூட்டு. கம்பனியிலேயே ஏசி போட்ட அறை அது ஒன்றுதான். ஹாஜியாருக்குக்கூட ஃபேன்தான்.

கணக்கு ஓடும்போது நான் மட்டும் இருந்தால் போதாது. புரோகிராம் கொஞ்சம் ஓடும், நிற்கும், "சரிதானா?" என்று கேட்கும். கணக்குப் பகுதியிலிருந்து ஒருவர் பார்த்துச் சரி என்று தட்டவேண்டும். கம்பியூட்டர்க்காரன் தட்டக்கூடாது என்பது ஹாஜியாரின் சட்டம். தராசு பிடிக்கிறவனும் சிட்டை எழுதுகிறவனும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பார். இப்படித்தான் நாலு வருடத்துக்கு முன் கணக்குப் பகுதிக்குப் புதிதாக வந்த மங்களேஸ்வரி, மாதத்தில் ஒரு நாள், காலையிலிருந்து மாலை வரை, என் அறையில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரும்படி ஆயிற்று.

அந்த நாளைப் பற்றி நான் விளக்கிச் சொல்லவேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். திரையில் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். காலையில் பலாபத்வல. சாப்பாட்டு நேரத்துக்கு வஹகோட்டை. பொழுது சாயும்போது வில்கமுவ. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஊர் ஊராகப் போவது போல இருக்கும். அவர் லெமன் சோறு கட்டிக்கொண்டு வருவார். நான் இஞ்சி பிஸ்கட் கொண்டுபோவேன். ஏசிக் குளிருக்கு அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரையைப் பார்ப்பார். அவ்வப்போது என் பக்கம் திரும்பி, "இன்னும் முடியலியா அண்ணே?" என்பார்.

அண்ணே என்பதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. எங்கள் பக்கத்தில் அது வெறும் மரியாதைச் சொல். தேத்தண்ணி போடும் பொன்னையாவையும் அவர் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார். கவனிக்கவேண்டியது அந்த "இன்னும் முடியலியா". காலையில் அதை அக்கறையோடு கேட்பார். பகலில் பெருமூச்சோடு கேட்பார். மாலையில் கண்களை மூடிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து, மெதுவாகக் கேட்பார். ஒரே வாக்கியத்தை இத்தனை விதமாகச் சொல்லக்கூடிய பெண்ணை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. "இல்லங்க, இன்னும் கொஞ்சம்" என்று நான் சொல்வேன். நாலு வருடமாக எங்கள் பேச்சு இப்படித்தான் வளர்ந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அவர் கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்கு வருவார். இலையில் மடித்த சந்தனத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுப்பார். மற்றவர்கள் நெற்றியில் வைத்துவிட்டு மறந்துபோவார்கள். நான் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒரு டப்பாவில் சேர்த்தேன். பழைய கேமராப் பிலிம் வருமே, அந்தக் கறுப்பு டப்பா. காயாமல் இருக்க இரண்டு சொட்டு பன்னீர் விடுவேன். அது ஒரு நாள் ஆயுதமாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், திட்டமிட்டுச் சேர்த்ததல்ல.

இந்த வருடம், அதாவது இரண்டாயிரத்து எட்டில், ஹாஜியார் திடீரென்று புது சர்வர் எடுக்கப்போவதாகச் சொன்னார். யாரோ நச்சரித்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. யார் என்று கேட்கவில்லை. கண்டியில் கம்பியூட்டர் விற்கும் கம்பனியிலிருந்து சண்முகராஜா என்ற இளைஞர் அதைக் கொண்டுவந்தார். வரும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் வயரையெல்லாம் எண்ணி, இது எதற்கு, இவ்வளவு பாரமாக ஏன் இருக்கிறது, யாருக்குப் போகிறது என்று கேட்டுப் பாதி நாள் வெயிலில் நிறுத்திவைத்தார்களாம். மிளகு கணக்குப் பார்க்க என்று அவர் சொல்லியிருக்கிறார். மிளகைக் கணக்குப் பார்க்க இவ்வளவு பெரிய சாமானா என்று திருப்பிக் கேட்டார்களாம். அந்தக் கேள்வி நியாயமானதாகவே எனக்குப் பட்டது.

சண்முகராஜா வந்ததும் வராததுமாக புது சர்வரின் பெருமைகளைப் பேச ஆரம்பித்தார். பழைய சர்வரில் இரண்டு புரொசெசர். ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். புதியதிலும் இரண்டுதான், ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மூளை. அதாவது, கல்யாண வீட்டில் இரண்டு சமையல்காரர் இருந்த இடத்தில் நாலு பேர், அந்த நாலு பேரும் முந்தியவர்களைவிடப் பல மடங்கு கைவேகக்காரர்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. விஷயம் தெரிந்தவன் என்ற முறையில் நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பிறகு அவர் மங்களேஸ்வரியைப் பார்த்து ஒன்று சொன்னார்.

"சரிதானான்னு கேக்குறதையும் எடுத்துறலாங்க அக்கா. பிழை இருந்தா மட்டும் கடைசில காட்டும். நீங்க கூட உக்காந்திருக்கவே தேவையில்ல."

மங்களேஸ்வரியின் முகம் அப்படியே மலர்ந்தது. விருந்தாளியிடம் அவர் எப்போதும் மரியாதையாக நடந்துகொள்வார். மனதுக்குள் அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்து நான் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஹாஜியாரிடம் ஒரு வழக்கம் உண்டு. புது வியாபாரி ஒருவர் மிளகு கொண்டுவந்தால் உடனே வாங்கமாட்டார். பழைய வியாபாரியின் மிளகையும் வரவழைத்து, இரண்டையும் ஒரே மேசையில், ஒரே படியால் அளந்து, ஒரே தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். எது அதிகம் மிதக்கிறதோ அதற்கு வழியனுப்பு. சர்வருக்கும் அதையே சொன்னார். "சுந்தரலிங்கம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாப்போம். ஒரே மாசத்துக் கணக்கு, ஒரே நேரத்துல ஓடட்டும். மொதல்ல முடிக்கிறது நிக்கட்டும், மத்தது போகட்டும்." அதுவரை புதியது என் அறையிலேயே இருக்கும், நான் பழகிக்கொள்ளவேண்டும் என்றார். ஒரு தாய் தன் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறோம் என்று யோசிக்கவேண்டும்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று அலுவலகம் பூட்டு. ஏசி பழுது பார்க்கவேண்டும் என்று சாவி வாங்கிக்கொண்டு போய், "சரிதானா?" என்று கேட்பதை அன்றைக்கு மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, காலையிலேயே இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். பழையது பலாபத்வலவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிவிட்டு வந்தேன். புதியது வில்கமுவவை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டு நின்றது.

சரி, நாலு பேர் ஒருவரை எதிர்ப்பது நியாயமில்லை என்று நினைத்தேன். புதியதின் இரண்டு புரொசெசரில் ஒன்றைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன். மறுபடியும் ஓட்டினேன். இந்தத் தடவை கோப்பையைத் துடைத்தும் வைத்தேன். அதற்குள் முடிந்துவிட்டது. பிறகு அதன் நினைவகத்தில் முக்கால்வாசியைப் பிடுங்கினேன். அப்போதும் அது முனகக்கூட இல்லை. கடைசியில் பழையதற்கு ஒரு மாதக் கணக்கும், புதியதற்குக் கம்பனி தொடங்கின நாளிலிருந்து உள்ள எல்லாக் கணக்கும் கொடுத்தேன். ஒரு கையையும் வயிற்றில் முக்கால்வாசியையும் இழந்த நிலையில், அது அத்தனை வருடத்தையும் கூட்டி முடித்தபோது, பழையது இன்னும் வஹகோட்டையைத் தாண்டவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு அதன் மீது மரியாதை வந்தது. கழற்றியதையெல்லாம் ஒழுங்காகத் திரும்பப் பூட்டினேன். பூட்டும்போதுதான் புரொசெசருக்கும் அதன் மேல் உட்காரும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் பூசியிருந்த வெள்ளைப் பசையைக் கவனித்தேன். புரொசெசர் வேலை செய்யும்போது கொதிக்கும். அந்தச் சூட்டைத் தகட்டுக்குக் கடத்துவது இந்தப் பசைதான். பார்வைக்கு அசல் சந்தனம். விரலால் தொட்டுப் பார்த்தேன். பதமும் அதுதான்.

பசை சரியில்லை என்றால் சூடு வெளியேறாது. இந்தக் காலத்துப் புரொசெசர்கள் புத்திசாலிகள். சூடு ஏறினால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் விரும்பியது அவ்வளவுதான். கொஞ்சம் நிதானம். அவசரப்பட்டு என்ன காணப்போகிறது, எல்லோரையும் போல் அதுவும் சாப்பாட்டு நேரத்தில் வஹகோட்டைக்கு வரட்டுமே என்றுதான் நினைத்தேன். வெள்ளைப் பசையைப் பழைய துணியால் துடைத்து எடுத்தேன். பிலிம் டப்பாவைத் திறந்தேன். அன்றைக்கென்று பன்னீர் கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டது. அதில் என் பிழை உண்டு.

பூசும்போது மங்களேஸ்வரியின் கையிலிருந்து வந்தது என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பூசினேன்.

சோதனை நாள் வந்தது. கம்பனியில் புது லொறி வந்தாலும் புதுத் தராசு வந்தாலும் ஒரு முறை இருக்கிறது. ஹாஜியார் பள்ளிவாசல் லெப்பையை வரவழைத்து ஓதுவிப்பார். பொன்னையா எலுமிச்சம்பழம் வெட்டிப் பொட்டு வைப்பார். எங்கள் டிரைவர் வஹகோட்டைக்காரர், மாதா பிள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள், அவர் ஊர் அந்தோனியார் கோயிலிலிருந்து சின்னப் போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்து விரலால் தொட்டு வைப்பார். யாரும் யாரையும் தடுப்பதில்லை. சரக்கு நல்லபடி போனால் எல்லோருக்கும் சம்பளம். அன்றைக்கும் அப்படியே நடந்தது. பொன்னையா புதியதின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தபோது, உள்ளே ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

இரண்டையும் ஒன்றாகத் தட்டிவிட்டோம். புதியது எடுத்த எடுப்பில் பலாபத்வலவை விழுங்கிவிட்டது. சண்முகராஜா கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்தார். மங்களேஸ்வரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். சந்தனம் காலை வாரிவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் வாசம் வந்தது.

முதலில் மெல்லியதாக. பிறகு அறை முழுக்க. ஏசி அறை என்பதால் எங்கும் போக வழியில்லை. பூட்டிக்கிடந்த கர்ப்பக்கிரகத்தை அப்போதுதான் திறந்தது போல இருந்தது. பொன்னையா கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி வந்திருச்சுங்க" என்றார். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு, மக்காவில் அத்தர் விற்கும் தெருவில் நடந்தபோது இதே வாசம் வந்ததாகச் சொல்லி மெதுவாக ஏதோ ஓதினார். டிரைவர் சிலுவை போட்டுக்கொண்டு, அந்தோனியார் கைவிடவில்லை என்றார். யுத்தத்தில் நாடு இருக்கிற இருப்பில், இந்த வருடம் இத்தனை பேர் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனதை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. அந்தப் புண்ணியத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அந்தப் பக்தியில் திரையை யாரும் பார்க்கவில்லை. புதியது வஹகோட்டையில் நின்றுகொண்டிருந்தது. ஃபேன்கள் மலையேறும் பஸ் மாதிரி உறுமத் தொடங்கின. சண்முகராஜா முதலில் சிரிப்பை நிறுத்தினார், பிறகு கட்டிய கையை அவிழ்த்தார். மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டார். பொன்னையா பாய்ந்து போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். உள்ளே சாமி இருக்கும்போது திறக்க விடுவதா? ஹாஜியாரும், ஓதி முடியட்டும் தம்பி, என்றார். அதற்குள் புதியது, அம்மாவின் ரைஸ் குக்கரைப் போலவே, தானாக அணைந்தது.

மறுபடி போட்டார்கள். பலாபத்வலவிலேயே அணைந்தது. மூன்றாம் தடவை போட்டபோது உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம். பன்னீர் வழிந்து போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது. அதன் பிறகு வந்த வாசம் எந்தக் கோயிலுடையதும் அல்ல. கொலை என் நோக்கமாக இருக்கவில்லை. நிதானப்படுத்தப் போனேன், அது நிரந்தரமாக நிதானப்பட்டுவிட்டது.

பழையது எதையும் கண்டுகொள்ளாமல் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. பகலுக்கு வஹகோட்டை, பொழுது சாய வில்கமுவ. வழக்கம் போல முடித்தது. ஹாஜியார் அதன் முதுகில் தட்டி, பழைய ஆளின் மிளகு ஒருநாளும் மிதக்காது என்றார். மங்களேஸ்வரி முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். ஏங்கி ஏங்கி அழுதார். சந்தோஷத்தில் அப்படி அழக்கூடியவர் என்று நான் நினைத்திருக்கவில்லை. கண்ணைத் துடைக்க என் லேஞ்சியைக் கொடுத்தேன். அதிலும் கொஞ்சம் சந்தன வாசம் இருந்திருக்கும், மோந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்.

சண்முகராஜாவைப் பற்றி ஒரு வார்த்தை. பழுதான சாமானைத் தலையில் கட்டப் பார்த்தார் என்று ஊரில் பேச்சாகி, அவருடைய கம்பனி அவரை நிறுத்திவிட்டது. மாத்தளை பஸ் நிலையத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மனசு கேட்கவில்லை. கூட்டிப்போய் ஒரு பிளேன்டீயும் ரோல்ஸும் வாங்கிக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊரில் தன்னை மனிதனாக மதித்தது நான் ஒருவன்தான் என்றார். அதை நான் மறுக்கவில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் மங்களேஸ்வரி என் அறைக்கு வந்தார். மாத முடிவு இல்லாத நாளில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணே, அந்த மெசின் வேணும்னு ஹாஜியார்கிட்ட கேட்டது நாந்தான். ஒரு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தேன். மாசத்துல அந்த ஒரு நாளு எனக்கு ஒழிஞ்சா போதும்னுதான்."

வேலை அவ்வளவு கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"வேலை எங்கங்க இருக்கு? சும்மா உக்காந்திருக்கிறதுதானே. அதுதான் முடியல." கதவுக்குப் போய்விட்டுத் திரும்பி, கண்டிக் கிளைக்கு மாற்றம் கேட்டிருப்பதாகவும் சொன்னார்.

நான் பல தடவை அந்த வார்த்தைகளை யோசித்துப் பார்த்துவிட்டேன். "அந்த ஒரு நாள்" என்றார். "நீங்க" என்று சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது முடியவில்லை என்றார். அதாவது, ஏதாவது பேசவேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறார். நாலு வருடம் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை சொல்லாத ஆளிடம் எந்தப் பெண்ணுக்கும் கோபம் வரும்தானே. பிழை என் மீதுதான். திருத்திக்கொள்ள எனக்கு அந்த நாள் வேண்டும்.

இனி ஒரு தொழில் விஷயம். பழைய புரொசெசரையும் புதியதையும் ஒப்பிட்டு அறிக்கை எழுதப்போவதாகச் சொன்னீர்கள். ஒப்பீடு என்றால் சரியாக இருக்கவேண்டும். அதற்காக மட்டும் சொல்கிறேன். இந்தப் பகுதியை ஹாஜியாருக்குக் காட்டவேண்டியதில்லை.

பழைய சர்வர் அவ்வளவு மெதுவானதல்ல. மங்களேஸ்வரி வேலைக்கு வருவதற்கு முன் அது காலைத் தேத்தண்ணிக்குள் வில்கமுவவையும் முடித்துவிடும். அவர் முதல் மாத முடிவுக்கு வந்து உட்கார்ந்த அன்றைக்கும் அப்படித்தான் முடித்தது. "அட, இவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் கொண்டுபோயிருந்த இஞ்சி பிஸ்கட்டை உடைக்கவே இல்லை. அடுத்த மாதம் வருவதற்குள் அதன் இரண்டு புரொசெசரில் ஒன்றை நிறுத்திவைத்தேன். பிறகு, மிஞ்சியதின் கேஷையும் அணைத்தேன். கேஷ் என்பது புரொசெசர் அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் இடம். அதை அணைத்தால், சமையல்காரர் உப்புக்கும் கடுகுக்கும் ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓடவேண்டியதுதான். எல்லோரும் சர்வருக்கு வயதாகிவிட்டது என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

பிறகு ஏன் சோதனை நாளன்று நிறுத்திய புரொசெசரையும் கேஷையும் திரும்ப முடுக்கிவிட்டுப் பழையதை நேர்மையாக ஓடவிடவில்லை என்று கேட்பீர்கள். விட்டிருந்தாலும் ஜெயித்திருக்குமா என்பது சந்தேகம். ஜெயித்திருந்தால் இன்னும் மோசம். அது காலைத் தேத்தண்ணிக்குள் முடித்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும். எனக்குத் தேவைப்பட்டது வேகமான சர்வர் அல்ல. ஆமையைவிட மெதுவான முயல்.

கணக்கு பிந்தியதால் யாருக்காவது நட்டமா என்றால், சொல்லும்படி இல்லை. வில்கமுவ விவசாயிகள் காசு வாங்க மாத்தளைக்கு வந்து காத்திருப்பார்கள். அந்தப் பக்கத்துக்கு பஸ் குறைவு. கணக்கு முடிந்து காசு கைக்கு வரும்போது கடைசி பஸ் போயிருக்கும். கிடங்கு வராந்தாவில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டுக் காலையில் போவார்கள். இந்த நாட்களில் இருட்டிய பிறகு ஊர் தெரியாத ஆட்கள் வெளியே திரிவது நல்லதல்ல, ஆகவே அது அவர்களுக்கும் பாதுகாப்புத்தான். அவர்கள் முறையிட்டதாக நான் கேட்டதில்லை. ஏசிக்காக என் அறைக் கதவு எப்போதும் மூடியிருக்கும்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், மனச்சாட்சி உறுத்தியதால் அல்ல. நீங்கள் இதை விபத்து என்று எழுதினால் உங்கள் கம்பனி பணம் தரும். பணம் வந்தால் இன்னொரு புது சர்வர் எடுத்துக் கண்டிக் கிளையில் வைப்பதாக ஹாஜியார் சொல்லிவிட்டார். மாத முடிவும் அங்கேயே, மங்களேஸ்வரியும் அங்கேயே. வேண்டுமென்றே செய்தது என்று எழுதினால் பணம் கிடைக்காது. புது சர்வரும் வராது. கணக்கு பழையபடி இங்கேதான் ஓடும். அவர் கண்டிக்கு மாறிப் போனாலும் மாதத்தில் அந்த ஒரு நாள் பஸ் ஏறி இங்கே வந்தாகவேண்டும், சரி என்று தட்டப் பழகியவர் இப்போது வேறு யாரும் கிடையாது. என்னை வேலையை விட்டு நிறுத்துவார்களா என்றால், நிறுத்தலாம். ஆனால் பழைய சர்வர் என் கைக்குத்தான் கட்டுப்படும் என்பது ஹாஜியாருக்குத் தெரியும். அதற்கும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். புது சர்வரைக் கொன்றது நான், சுந்தரலிங்கம். பழைய சர்வரை நாலு வருடமாக முடமாக்கி வைத்திருப்பதும் நான்தான். யாரும் தூண்டவில்லை. சுய நினைவோடு கையொப்பம் இடுகிறேன்.

இந்த மாதக் கடைசிக்கு அவருடைய நாற்காலிக்கு மெத்தை போட்டு வைத்திருக்கிறேன். முடிந்தால் அன்றைக்கு வந்து எங்களோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள், ஐயா. பொழுது சாயும் நேரத்தில், தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, "இன்னும் முடியலியா அண்ணே?" என்று அவர் கேட்பார். அந்தக் குரலை ஒரு தடவை கேட்டால் போதும், அது முடியவே கூடாது என்றுதான் அவரும் நினைக்கிறார் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.